அலமாரியில் அழிந்துகொண்டிருக்கும் கல்யாணங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் 1991-லிருந்து கல்யாண வீடியோ எடுத்துவருகிறேன். கண்ணாடித் துண்டுக்குள் லேசரால் தகவலைப் பதித்துவைக்கும் ஆராய்ச்சி பற்றிப் போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் நடப்பதை எங்கள் ஊர்க்காரருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் இதே லேசரால் நாம் இருபது வருஷத்துக்கு முன்பே பதித்து பீரோவில் வைத்திருக்கிற சிடி, டிவிடிகள் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்பது அதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை வந்த வாரமே, புதன்கிழமை காலை, கடை திறந்ததும் ஒரு அம்மா வந்தார். நம்பியூருக்குப் பக்கத்தில் ஊர். 2006 தை மாதம் அவர் கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. கையில் இருந்த மஞ்சள் பையில் அந்த டிவிடி. பிளாஸ்டிக் பெட்டி, அவர்கள் இருவர் படமும் போட்டு நான் ஒட்டிக்கொடுத்த ஸ்டிக்கர், எல்லாம் நேற்றுக் கொடுத்த மாதிரி இருந்தது. “ஓடவே மாட்டேங்குதுங்ணா. பிளேயருதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். தம்பி வூட்டுக் கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தாச்சுங்” என்றார்.

அவருடைய அப்பா கொரோனா சமயத்தில், 2021-ல் தவறிவிட்டார். கடைசி வரைக்கும் பட்டன் போன் வைத்திருந்தவர். அவர் பேசிய வீடியோ என்று குடும்பத்தில் யாரிடமும் ஒன்றுகூட இல்லை. மகள் கல்யாணத்தன்று சாயங்கால வரவேற்பில் மட்டும் மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, சம்பந்தி வீட்டாரைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருக்கிறார். “அப்பா கொரலு அதுல மட்டுந்தானுங்ணா இருக்குது.”

என்னிடம் கடைக் காப்பி இருக்கும் என்று நம்பி வந்திருந்தார். இருந்தது. பார்ட்டிக்கு இரண்டு, கடைக்கு ஒன்று என்று எழுதி வைப்பது என் வழக்கம். ஒரிஜினல் கேசட் இருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. ஆனால் அன்றைக்கு மினி டிவி கேசட் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். மிக்ஸிங் முடிந்ததும் அதே கேசட்டில் அடுத்த முகூர்த்தத்தைப் பதிந்துவிடுவோம். எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். டிவிடி ஆயுசுக்கும் இருக்கும் என்று நாங்களும் நம்பினோம், வாங்கியவர்களிடமும் அதையே சொன்னோம். அந்தச் சொல்லுக்காகத்தான் இன்றைக்கு என் மனம் உறுத்துகிறது.

கடைக் காப்பியைப் போட்டேன். எங்கள் கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர், குடிமகன் (நாவிதர்) மங்கல வாழ்த்துப் பாடியது, தாலி கட்டு வரைக்கும் சுத்தமாக ஓடியது. பந்தி வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வரவேற்பு தொடங்குகிற இடத்தில் நின்றே விட்டது.

இது தற்செயல் இல்லை. சிடியும் டிவிடியும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகின்றன. காலையில் நடந்தது உள்வட்டத்தில், சாயங்காலம் நடந்தது விளிம்போரம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தட்டுகளைப் பசை போட்டு ஒட்டியது. ஈரமும் காற்றும் உள்ளே நுழைவது விளிம்பு வழியாகத்தான். கை படுவதும் அங்கேதான். அதனால் என் கடை டிஸ்குகளில் பெரும்பாலும் கல்யாணத்தின் கடைசிப் பகுதிதான் முதலில் போகிறது. வாழ்த்துரை, மொய் வைக்க வந்த சொந்தங்கள், ஊருக்குக் கிளம்பும்போது பெண்ணின் அம்மா அழுவது எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கும்.

ஆடி மாதத்தில் எங்களுக்குக் கல்யாண வேலை இல்லை. இந்த ஆடியில் அலமாரியிலிருந்து கைக்கு வந்தபடி 60 டிவிடி எடுத்து ஒவ்வொன்றாக முழுக்க ஓட்டிப் பார்த்தேன். 23 முழுதாக ஓடவில்லை. அதில் 9 டிஸ்கைக் கம்ப்யூட்டர் ஏற்கவே இல்லை, வெறும் தட்டு என்று வெளியே தள்ளிவிட்டது. இது என் ஒரு கடையின் கணக்கு, ஊருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மேற்குச் சுவரை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே அட்டாலியில் இருந்த பெட்டியில்தான் சேதம் அதிகம். உள்ளறை மர பீரோவில் இருந்தவை பரவாயில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா மகள். கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மெல்லிய படலங்கள் அவள் ஆராய்ச்சி. ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கடையில் வாங்கும் சினிமா சிடிக்கும் நான் எழுதும் சிடிக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா மாமா என்று கேட்டாள். முப்பது வருஷத் தொழிலில் நான் அதை யோசித்ததே இல்லை.

கம்பெனியில் அச்சடித்து வரும் சிடியில் பிளாஸ்டிக்கிலேயே குழிகள் இருக்கும். நாணயத்தில் முத்திரை குத்துகிற மாதிரி அச்சில் அழுத்தி எடுத்தவை. அதன்மேல் அலுமினியப் பூச்சு. குழிகள் வரிசையாகச் சுருண்டு போகும் தடத்தை நேராக இழுத்தால் ஒரு சிடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவே 1.6 மைக்ரான்தான் இடைவெளி. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பது, ஐம்பது தடங்கள் அடங்கிவிடும். இந்த வகை சிடி 1982-ல் கடைக்கு வந்தது, சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்தார்கள்.

நாம் எழுதும் டிஸ்கில் குழியே கிடையாது. உள்ளே மெல்லிசாகப் பூசிய ஒரு சாயம் இருக்கிறது. ரைட்டரில் உள்ள லேசர், படிக்கும்போது மெல்லிய ஒளியாகவும் எழுதும்போது பல மடங்கு பலத்தோடும் விழுகிறது. அந்தச் சூட்டில் சாயம் புள்ளி புள்ளியாகக் கருகி, ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு மாறிவிடுகிறது. கருகிய இடம், கருகாத இடம், அந்த வித்தியாசம்தான் நம் கல்யாணம். சாயம் என்றால் வெளுக்கத்தானே செய்யும்? சென்னிமலைப் போர்வையை வருஷக்கணக்கில் வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிஸ்கில் இருப்பதும் அதுபோல ஒரு கரிமச் சாயம்தான்.

மூன்று வகைச் சாயங்கள் அதிகம் புழங்கின என்றாள். சயனின், ஏசோ, தாலோசயனின். சிடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நீலப்பச்சையாக இருந்தால் சயனின், கருநீலமாக இருந்தால் ஏசோ, வெளிறிய பொன்பச்சை என்றால் தாலோசயனின். சயனின் வெயிலுக்கு ரொம்பவே இளகியது. அமெரிக்காவில் நிஸ்ட் என்ற தரநிலை ஆய்வுக்கூடம் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், தாலோசயனின் சாயமும் தங்கம்-வெள்ளிக் கலவைப் பூச்சும் கொண்ட சிடிகள் நன்றாகத் தாங்கின என்று வந்திருக்கிறது. நான் அன்றைக்கு வாங்கியது ஐம்பது டிஸ்க் கொண்ட டப்பாவில் எது மலிவோ அது.

வெறும் வெள்ளிப் பூச்சுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வெள்ளிக் கொலுசு கறுக்கிற அதே காரணம், காற்றில் உள்ள கந்தகம். சிடியில் அந்தப் பூச்சு இருப்பது மேல்பக்கம், படம் ஒட்டுகிற பக்கம். அதற்கு மேலே தலைமுடியைவிட மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். நாமெல்லாம் அடிப்பக்கத்தைக் கண்ணாகப் பாதுகாத்துவிட்டு, மேல்பக்கத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தோம், பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினோம். உண்மையில் சிடியின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. லேசர் அந்தப் பரப்பில் விழும்போது முக்கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்துதான் விழும், உள்ளே போய்த்தான் ஒரு புள்ளியாகக் குவியும். அதனால் சின்னக் கீறலும் தூசியும் அதன் கண்ணில் படுவதே இல்லை. மேல்பக்கக் கீறல் தகவலையே சுரண்டிவிடும். இதை இருபது வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருப்பேன்.

லேசரை ஒரு லென்ஸ் எவ்வளவு பலமாகக் குவிக்கும் என்பதற்கு என்னிடம் இன்னொரு சாட்சி உண்டு. 2019-ல் ஈரோட்டில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மேடைக்குப் பின்னால் பச்சை, நீல லேசர் விளக்குகளைச் சுழலவிட்டிருந்தார்கள். ஒரு கதிர் நேராக என் கேமரா லென்ஸுக்குள் வந்து போனது, அரை நொடிகூட இருக்காது. அன்றிலிருந்து அந்தக் கேமராவில் எதை எடுத்தாலும் குறுக்கே ஒரு ஊதாக் கோடு. சென்சார் கருகிவிட்டது. சாதாரண விளக்கொளி நாலு பக்கமும் பரவிவிடும். லேசர் சிதறாமல் ஒரே நேராக வருவதால் லென்ஸ் அதை ஊசிமுனை இடத்தில் குவித்துவிடுகிறது. நம் கண்ணுக்குள் இருப்பதும் லென்ஸ்தான். முன்வரிசையில் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு அந்த விளக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுகிற மண்டபங்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கண் உயரத்துக்கு லேசர் வரவே கூடாது என்று பெற்றவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். கேசட் காலத்தில் படம் மெல்ல மெல்லக் கெடும். கோடு விழும், நிறம் மங்கும், நாமும் சுதாரித்து ஒரு காப்பி போட்டுக்கொள்வோம். டிஸ்க் அப்படி எச்சரிப்பதில்லை. கொஞ்சம் அழிந்தாலும் மீதியை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும் முறையில்தான் அதில் எழுதுகிறார்கள். 1960-ல் ரீட், சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் கண்டுபிடித்த வழி அது. சிடியில் தொடர்ச்சியாக இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்திருந்தால்கூடப் பாட்டு தடங்கலில்லாமல் ஓடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் உள்ளே சாயம் வெளுத்துக்கொண்டே போவதை அது கடைசி நாள் வரைக்கும் மறைத்துவிடுகிறது. கணக்கால் ஈடுகட்ட முடியாத அளவு வந்ததும் மொத்தமாக நின்றுபோகிறது. ‘போன தீபாவளிக்குக்கூடப் பார்த்தோமே’ என்று என்னிடம் வருகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

போன சித்திரையில் நானும் அக்கா மகளும் ஒன்று செய்து பார்த்தோம். 2007-ல் வாங்கிப் பிரிக்காமல் கிடந்த ஒரு சிடி டப்பா. அதில் ஒன்றை எடுத்து, கடை விளம்பரப் படத்தை எழுதி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பாதிக்குக் கறுப்புத் தாள் சுற்றி, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி மொட்டை மாடியில் போட்டோம். ஒன்றரை மாதம் கழித்து எடுத்தால், தாளை எடுத்த இடத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தது. மூடியிருந்த பாதி பச்சை, வெயில் பட்ட பாதி வெளிறல். ஓட்டினால் ஓடவில்லை. நான் ஆராய்ச்சி செய்துவிட்ட மாதிரிப் பேசினேன். அவள் தடுத்தாள். “ஒரு டிஸ்க் போதாது மாமா. வெயில்ல கெட்டுதா, சூட்டுல கெட்டுதான்னு பிரிச்சுப் பாக்கணும். பூச்சை டேப் ஒட்டி உரிச்சு, சாயத்தை ஆல்கஹால்ல கழுவி எடுத்து, எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அளக்கணும். நூறு டிஸ்காச்சும் வேணும்” என்றாள். அந்த நூறு டிஸ்க் என்னிடம் இருக்கிறது, அம்மிணி என்றேன். இந்தக் கடிதத்தின் விதை அங்கே விழுந்ததுதான்.

வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் டிஸ்கின் ஆயுளைக் கணக்கிட, அதை அதிகச் சூடும் ஈரமும் உள்ள பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்து, அதிலிருந்து சாதாரண வீட்டில் எத்தனை வருஷம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வீடு அந்தப் பெட்டி மாதிரி ஒரே சீராக இருப்பதில்லை. சித்திரையில் தகரத்தின் கீழே பகலில் கை வைக்க முடியாது, ஐப்பசியில் சுவரே வேர்க்கும், மார்கழி விடியற்காலை குளிர். சுருங்கியும் விரிந்தும், காய்ந்தும் நனைந்தும் பதினைந்து, இருபது வருஷம் நிஜமாகவே வாழ்ந்த டிஸ்குகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. எழுதிய தேதி தெரியும், எங்கே வைத்திருந்தார்கள் என்பது தெரியும். எந்தச் சூட்டுப் பெட்டியிலும் செய்ய முடியாத சோதனையை நம் வீடுகளே செய்து முடித்து வைத்திருக்கின்றன. அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்று இந்த வட்டாரத்தில் இயற்பியல் துறை உள்ள கல்லூரிகள் எத்தனையோ. ஒளியை வைத்துத் தொழில் செய்வதிலும் நாம் பின்தங்கவில்லை. நூற்பாலையில் கோன் சுற்றும் இயந்திரத்தில் நூல் எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்று ஒளி சென்சார் பார்க்கிறது. திருப்பூரில் துணி வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்த குமார் படேல். கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவிகளுக்குள் நடப்பதைப் பற்றிய நம் சொந்த ஆராய்ச்சி இன்னும் நிறைய வர வேண்டும்.

சின்ன ஊரில் இருந்துகொண்டு என்ன பெரிய ஆராய்ச்சி என்று மாணவர்கள் நினைத்தால் அவர்களுக்கு என் விளக்குகளின் கதையைச் சொல்வேன். ஆரம்பத்தில் நான் தூக்கிக்கொண்டு போனது ஆயிரம் வாட் ஹாலஜன். பல்பை வெறும் கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடித்துவிடும், துணியால் பிடித்துத்தான் மாட்டுவோம். அந்தச் சூட்டில் மணப்பெண் முகத்தில் பவுடர் வழியும், அக்னி வேறு முன்னால் எரியும். இன்றைக்கு ஒரு கையில் தூக்கும் எல்இடி பலகை அதே வெளிச்சத்தைத் தருகிறது, மணிக்கணக்கில் பேட்டரியில் ஓடுகிறது.

சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது, நிக் ஹோலோனியாக் செய்தது. நீலம் வராமல் வெள்ளை வெளிச்சம் இல்லை. அந்த நீலத்துக்கு முப்பது வருஷம் ஆனது. காலியம் நைட்ரைடு என்ற பொருளில் நல்ல படிகம் வளர்ப்பதே பெரும் பாடாக இருந்தது. பல ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டு வேறு பொருளுக்குப் போனார்கள். ஜப்பானில் நகோயாவில் அகாசாகியும் அவர் மாணவர் அமானோவும் விடவில்லை. இன்னொரு பக்கம், டோக்கியோவிலிருந்து எவ்வளவோ தள்ளி, ஷிகோகு தீவில் அனான் என்ற சிற்றூரில், டியூப் லைட்டுக்கும் டிவிக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி தயாரித்த நிச்சியா என்ற கம்பெனியில் ஷுஜி நகமுரா இருந்தார். படிகம் வளர்க்கும் கருவியைத் தன் கையாலேயே பிரித்து, குழாயை மாற்றி, பற்றவைத்து, மறுபடி மாட்டி ஓட்டிப் பார்த்தவர். 1993-ல் பிரகாசமான நீல எல்இடி வந்தது. 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் அந்த மனிதர் செய்த வேலை உடனே புரியும்.

அதே காலியம் நைட்ரைடிலிருந்துதான் நீல லேசரும் வந்தது. ஒளியின் அலைநீளம் குறையக் குறையப் புள்ளி சின்னதாகும், அதிகம் எழுதலாம். சிடிக்கு 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத சிவப்பு. டிவிடிக்கு 650, 4.7 ஜிபி. புளூரேக்கு 405, ஒரு அடுக்கில் 25 ஜிபி. என் கையில் இருக்கும் வெள்ளை விளக்கும் புளூரே லேசரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. (ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளை எல்இடி என்பது நீல ஒளிமேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவான பலகைகளில் சிவப்பு குறைவாக இருக்கும், கூறைப்புடவையின் அரக்கு நிறம் செத்துப்போய்த் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் விளக்கு வாங்கும்போது வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள்.)

உங்கள் கட்டுரையில் சொன்ன கண்ணாடிக்கு வருகிறேன். அங்கே சாயம் இல்லை, வெளுக்க ஒன்றுமில்லை. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி. அப்படிச் சில நூறு ஃபெம்டோ நொடி மட்டும் நீடிக்கும் லேசர் துடிப்புகள் குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் நுணுக்கமான வடுக்களை உண்டாக்குகின்றன. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2013-ல் இதைச் செய்து காட்டியது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் 75 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடியில் ஒரு முழு சினிமாவைப் பதித்தது. 2024-ல் ஷாங்காயில், கண்ணாடிக்குள் இல்லாமல் சாயம் கலந்த வேறொரு படலத்தில், டிவிடி அளவுத் தட்டில் நூறு அடுக்காக, நாற்பதாயிரம் டிவிடிக்கு மேல் கொள்கிற அளவு எழுத முடியும் என்று காட்டினார்கள். இவ்வளவு சின்னத் துடிப்பைப் பலமாக ஆக்க வழி சொன்ன விஞ்ஞானிகள் ஜெரார் மூரூவுக்கும் டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கும் 2018-ல் நோபல். எல்லாம் சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்தக் கண்ணாடி கோபி கடைவீதிக்கு வரும்வரை நம் டிஸ்குகள் காத்திருக்காது. எழுதும் புளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. புது லேப்டாப்புகளில் டிஸ்க் போடும் இடமே பெரும்பாலும் இல்லை. டிஸ்க் நன்றாக இருந்தாலும் படிக்கக் கருவி இல்லாத நாள் வந்துகொண்டிருக்கிறது.

அதனால் உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரமே பீரோவைத் திறந்து டிஸ்கை வெளியே எடுங்கள். மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். வட்டக் கீறல் தடத்தோடு ஒட்டியே போகும், நேர்க்கீறலை அந்தக் கணக்கு முறை சமாளித்துக்கொள்ளும். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒரு டிரைவ் ஏற்காவிட்டால் இன்னொன்றில் போடுங்கள், முடிந்தால் பழைய டிரைவில், குறைந்த வேகத்தில். கிடைத்ததை ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஒரு வீட்டில் இன்னொன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதில் தகவல் மின்னேற்றமாக இருக்கிறது, வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் கசியும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றி எழுதுங்கள்.

இது எல்லோராலும் வீட்டில் செய்ய முடிகிற வேலை இல்லை என்று தெரியும். அதனால் அரசுக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நல்ல டிரைவ், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். மக்கள் தங்கள் டிஸ்கைக் கொண்டுவந்து காப்பி எடுத்துக்கொண்டு போகட்டும். செலவு பெரிதில்லை. விருப்பப்பட்டுக் கொடுப்பவர்களின் காப்பி ஒன்றை நூலகமே வைத்துக்கொள்ளலாம். என் டிஸ்குகளில் மங்கல வாழ்த்து பாடும் பெரியவர்களில் பலர் இன்று இல்லை. ஒருவர் பாடிய மாதிரி இன்னொருவர் பாடுவதில்லை, அந்தியூர்ப் பக்கம் ஒரு ராகம், தாராபுரத்துப் பக்கம் வேறு. அந்தக் குரல்களைக் கல்யாண வீட்டுக்காரர்கள் தங்களுக்காக எடுத்தார்கள், ஆனால் அதில் இந்த நாட்டுக்கும் பங்கு உண்டு.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 2006-ல் அந்த டிஸ்கை எழுதிய அதே ரைட்டரைக் கடையில் போட்டு வைத்திருந்தேன். துடைத்து மாட்டி, இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. ஆறு நிமிஷப் பேச்சில் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. படம் பாதிக்கு மேல் கட்டங்கள்தான், குரல் பரவாயில்லை. சனிக்கிழமை வந்து ஹெட்போனில் கேட்டுவிட்டு, “இது போதுங்ணா” என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார். காசு வாங்கவில்லை.

கல்லூரிகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஓடாத டிஸ்குகளை இரண்டு அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். படம் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், அந்தந்தக் குடும்பத்திடம் கேட்டுச் சம்மதம் வாங்கியவை மட்டும்தான். ஒவ்வொன்றின் உறையிலும் எழுதிய தேதி, டப்பா வாங்கிய வருஷம், எந்தச் சுவர்ப்பக்கம் எந்த அடுக்கில் இருந்தது என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். அதே வருஷங்களில் வாங்கி எழுதாமல் மிஞ்சிய வெற்று டிஸ்குகளும் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கின்றன. மெல்லிய படலமோ சாயமோ ஆராய்ச்சி செய்யும் எந்த மாணவர் வந்து கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் வந்தால் நானே கூட உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வீடியோ ஸ்டுடியோ உரிமையாளர்,
கோபிசெட்டிபாளையம்.